ஓராண்டுத் தலைவரும் நீண்ட நினைவும்: கல்லூரி மாணவர் சங்கங்களுக்கு முன்னாள் மாணவரின் துணை

(கம்மாபுரத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

1. பொருளும் சொல்லும்

கல்லூரி ஒன்றில் மாணவர் தாமே கூடி நடத்தும் அமைப்புகள் பலவகைப்படும். தேர்ந்தெடுக்கப்பட்டோ நியமிக்கப்பட்டோ வரும் மாணவர் பேரவை, துறைதோறும் இயங்கும் மன்றம், தமிழ்ப் பேரவை, நாட்டு நலப்பணித் திட்டக் குழு, விடுதி மாணவர் குழு ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. அவற்றின் பெயரும் பணியும் வேறுபட்டாலும் ஓர் இயல்பு எல்லாவற்றுக்கும் பொதுவாக அமைந்திருக்கிறது. அமைப்பு பல்லாண்டு நிலைக்க, அதன் தலைமையோ ஓராண்டில் மாறிவிடுகிறது. கலை, அறிவியல் இளநிலைப் படிப்பு மூன்று ஆண்டுகளுக்குரியது. முதலாண்டில் மாணவர் கல்லூரியை அறிகிறார், இரண்டாமாண்டில் அமைப்பை அறிகிறார், மூன்றாமாண்டில் அதற்குத் தலைவராகிறார், தலைமையின் நெளிவுசுளிவு கைவரும் வேளையில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வெளியேறுகிறார். அடுத்து வருபவர் முந்தியவர் செய்த பிழையையே முதலிலிருந்து செய்யத் தொடங்குகிறார்.

இந்த அறுபடும் நினைவைத் தொடர வைப்பவர் எவர் என்பதே இச்சொற்பொழிவின் வினா. கல்லூரி முதல்வரோ பொறுப்பாசிரியரோ அதனைச் செய்யலாம் எனினும், அவர்கள் நிர்வாகத்தைச் சார்ந்தவர்கள். அரசுக் கல்லூரிகளில் பணியிட மாறுதலுக்கும் உட்பட்டவர்கள். அமைப்பினுள் ஒரு காலத்தில் இருந்து, இப்போது வெளியே நின்று, அதனிடமிருந்து தமக்கென எதையும் எதிர்பாராதவர் முன்னாள் மாணவரே. இலங்கைத் தமிழர் வழக்கில் இவர் ‘பழைய மாணவர்’ எனப்படுவார். தமிழ்நாட்டில் ‘முன்னாள் மாணவர்’ என்பதும் ‘அலும்னி’ என்பதும் ஒருங்கே வழங்குகின்றன. இவர் அமைப்பின் நினைவாக நிற்கத்தக்கவர் என்பதும், அதன் கையாகவோ வாயாகவோ நிற்கத் தகாதவர் என்பதும் இங்கு நிறுவப்பட இருக்கும் இரு கூற்றுகள்.

2. அமெரிக்கச் சகோதரச் சங்கங்கள்

முன்னாள் மாணவர் துணையை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தவை அமெரிக்கக் கல்லூரிகளின் ‘ஃபிரட்டர்னிட்டி’ எனப்படும் சகோதரச் சங்கங்களாகும். கிரேக்க எழுத்துகளால் பெயர் பெறும் இச்சங்கங்களின் மரபு, வர்ஜீனியாவின் வில்லியம் அண்டு மேரி கல்லூரியில் 1776 டிசம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட ஃபை பீட்டா கப்பா என்னும் சங்கத்திலிருந்து எண்ணப்படுகிறது. ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ள கிளைக்குச் ‘சாப்டர்’ என்று பெயர். அக்கிளையை நடத்துபவர்கள் பயிலும் மாணவர்கள். மாணவர் தங்கும் வீட்டை உடைமையாக வைத்து, வரி செலுத்திப் பழுதுபார்ப்பது பெரும்பாலும் முன்னாள் உறுப்பினர் சேர்ந்து அமைத்த தனிக் கழகமாக இருக்கும். கணக்கு, படிப்பு, ஒழுங்கு ஆகியவற்றில் கிளையின் அலுவலர்களுக்கு யோசனை கூற முன்னாள் உறுப்பினர் சிலர் ஆலோசகராக அமர்வதும் உண்டு. கிளையை நடத்துவது ஒரு தலைமுறை, அதைத் தாங்குவது மற்றொரு தலைமுறை என்ற பகுப்பே இம்முறையின் சாரம்.

இதன் சிறந்த வடிவம் செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் சங்கங்களில் தோன்றியதாகக் கொள்ள வேண்டியதில்லை. 1906 டிசம்பர் 4 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர் எழுவர் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்ற சங்கத்தை நிறுவினர். வெள்ளையர் நிறைந்த வளாகத்தில் தனித்து விடப்பட்ட கறுப்பின மாணவர் ஒருவருக்கொருவர் துணையாகிப் படிப்பைத் தொடர வேண்டும் என்பதற்காகப் படிப்பு வட்டமாகத் தொடங்கியதே பின்னர் சங்கமாயிற்று. 1911இல் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் பட்டம் பெற்றவர்களுக்கென்றே ஒரு கிளை தோன்றியது. கல்லூரியை விட்டபின் உறுப்பினர் உதிர்ந்துபோகாமல், ஊர்தோறும் அமைப்பாகத் திரண்டு, பயில்வோர் கிளைகளுக்கு அரணாக நிற்கும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது. தங்க இடமும் தோள்கொடுக்க ஆளும் மறுக்கப்பட்டவர்களே முன்னாள் மாணவர் துணையின் அருமையை ஆழமாக உணர்ந்தனர் என்பது இவ்வரலாறு காட்டும் உண்மை. அதே உண்மையைத் தமிழ்நாட்டு வரலாறும் பத்தாண்டு இடைவெளியில் காட்டியது.

3. திருவல்லிக்கேணியின் திராவிடர் இல்லம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் கல்லூரிப் படிப்புக்காகச் சென்னைக்கு வந்த பிராமணரல்லாத மாணவருக்குப் பெருந்தடையாக இருந்தது உறைவிடமே. நகரின் உணவு விடுதிகளிலும் தங்கும் இடங்களிலும் சாதி பார்க்கப்பட்டது. உறவினர் வீடு இல்லாதவர் கல்லூரியில் இடம் கிடைத்தும் படிப்பை விட்டுத் திரும்ப நேர்ந்தது. 1912இல் அரசுப் பணியிலிருந்த பிராமணரல்லாதார் சிலர் ஒன்றுகூடிச் சென்னை ஐக்கியக் கழகம் என்ற அமைப்பைத் தொடங்கினர். அதன் உயிர்நாடியாக விளங்கியவர் திருவல்லிக்கேணியில் மருத்துவத் தொழில் நடத்திய டாக்டர் சி. நடேசனார். பின்னர் அது சென்னைத் திராவிடர் சங்கம் எனப் பெயர் மாறிற்று. புதிதாகப் பட்டம் பெறுபவர்களை அழைத்துப் பாராட்டி வரவேற்பதை இச்சங்கம் வழக்கமாக்கிக் கொண்டது. இது வெறும் உபசாரமாக நின்றுவிடவில்லை. பட்டம் பெற்றவரைப் பட்டம் பெற்ற அன்றே சங்கத்தோடு பிணைத்து, அடுத்து வருபவருக்குக் கடன்பட்டவராக்கும் ஏற்பாடாகவும் அது அமைந்தது.

1916இல் நடேசனார் திருவல்லிக்கேணியில் ‘திராவிடர் இல்லம்’ என்ற மாணவர் விடுதியைத் திறந்தார். நீதிக்கட்சி எனப் பின்னர் அறியப்பட்ட தென்னிந்திய நல உரிமைச் சங்கம் அதே ஆண்டு நவம்பரில்தான் உருவாயிற்று. ஆகவே கட்சிக்கு முன்னதாக விடுதி பிறந்தது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். அவ்வில்லத்தில் தங்கிப் படித்தவர்களுள் ஆர்.கே. சண்முகம் செட்டியார் 1947இல் விடுதலை இந்தியாவின் முதல் நிதியமைச்சரானார், டி.எம். நாராயணசாமிப் பிள்ளை பின்னாளில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். ஒரு மருத்துவர் முன்னின்று நடத்திய சிறு விடுதி எத்தகைய தலைமையை விளைவித்தது என்பதற்கு இவ்விரு பெயர்களே சான்றாகும்.

எனினும் இவ்வரலாற்றில் ஒரு குறையும் அடங்கியிருக்கிறது. இல்லம் ஒருவரின் உழைப்பையும் கைப்பொருளையும் பெரிதும் நம்பி நின்றதால் நெடுங்காலம் நடக்கவில்லை. கொடையாளரின் ஆயுளும் ஆர்வமும் உள்ள அளவே நிலைக்கும் துணை, துணையாகலாம், நிறுவனமாகாது. கொடுப்பவர் மாறினாலும் கொடை மாறாதிருக்க வேண்டுமானால், மூலநிதியும் பதிவு பெற்ற அமைப்பும் வேண்டும் என்பது திராவிடர் இல்லம் விட்டுச்சென்ற பாடம்.

4. தாம்பரமும் யாழ்ப்பாணமும்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அமெரிக்கச் சகோதரச் சங்கத்துக்கு மிக அருகில் வருவது சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் விடுதி முறையாகும். 1837இல் தோன்றிய அக்கல்லூரி, சரியாக நூறாண்டுக்குப் பின், 1937இல், நகரின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தபோது, சேலையூர் விடுதி, புனித தோமையர் விடுதி, பிஷப் ஹீபர் விடுதி என மூன்று விடுதிகளை மையமாகக் கொண்டு தன் வாழ்வை அமைத்துக்கொண்டது. விடுதி என்பது இங்கு உறங்கவும் உண்ணவும் மட்டும் உரிய கட்டடம் அன்று; தனக்கெனக் கொடி, விழா, விளையாட்டுப் போட்டி, மாணவர் நிர்வாகக் குழு ஆகியவை உடைய ஒரு சிறு சமுதாயம் அது. கல்லூரியின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தாமல் விடுதியின் பெயரையும் சேர்த்துச் சொல்லித் தம்மை அறிமுகம் செய்துகொள்ளும் முன்னாள் மாணவரை இன்றும் காணலாம். பெரிய கல்லூரியின் மீது உள்ள பற்றைவிடச் சிறிய அமைப்பின் மீது உள்ள பற்று நெருக்கமானது. ஆகவே முன்னாள் மாணவரை அழைக்கும்போது கல்லூரி முழுவதற்குமாக ஒரு பொது அழைப்பு விடுப்பதைக் காட்டிலும், அவர் உண்டு உறங்கிய விடுதியின் பெயரால், அவர் மேடையேறிய மன்றத்தின் பெயரால் அழைப்பதே பலன் தரும்.

யாழ்ப்பாணத்தில் இப்பற்று மேலும் ஆழமானது. அங்குள்ள கல்லூரிகள், தமிழ்நாட்டு வழக்கில் மேனிலைப் பள்ளிகளுக்கு நிகரானவை எனினும், பழைய மாணவர் சங்கங்களின் வலிமையில் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் குறைந்தவை அல்ல. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் புனித யோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் ‘வடக்கின் பெரும் போர்’ எனும் கிரிக்கெட் போட்டி, ஆடுவோரைவிடப் பார்க்க வரும் பழைய மாணவருக்கே பெருவிழாவாகும். இலங்கை உள்நாட்டுப் போர்க் காலத்திலிருந்து இலண்டன், டொரொண்டோ, சிட்னி முதலிய நகரங்களில் பெருகிய பழைய மாணவர் சங்கக் கிளைகள் ஆண்டுதோறும் இராப்போசன விருந்தும் கலைவிழாவும் நடத்தித் திரட்டும் பணம், ஆய்வுகூடமாகவும் விளையாட்டுத் திடலாகவும் உதவித்தொகையாகவும் தாய்ப்பள்ளியைச் சென்றடைகிறது. பெயர் பெற்ற கல்லூரிகளுக்குக் கடல் கடந்த கிளைகள் பல இருக்க, வன்னியின் சிற்றூர்ப் பாடசாலைகளுக்கு அத்தகைய கைகள் அரிது என்ற ஏற்றத்தாழ்வையும் இதனோடு சேர்த்தே காண வேண்டும். முன்னாள் மாணவர் துணை தானாகவே நீதி செய்யாது. ஏற்கெனவே உயர்ந்தோரைப் பெற்ற நிறுவனத்தை மேலும் உயர்த்துவதே அதன் இயல்பான போக்கு.

பணத்துக்கு அப்பாற்பட்ட துணைக்கும் யாழ்ப்பாணமே சான்று தருகிறது. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் பயின்ற ஹன்டி பேரின்பநாயகத்தை முன்னணியில் கொண்டு 1924இல் தொடங்கிய மாணவர் காங்கிரசு, பின்னர் இளைஞர் காங்கிரசு எனப் பெயர் பெற்றது. 1927 நவம்பரில் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்ததில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. பள்ளிகளில் எல்லாச் சாதி மாணவரும் சமமாக அமர்ந்து படிக்கவும் உண்ணவும் வேண்டும் என்ற கோரிக்கையை அது முன்வைத்துப் போராடியது. படித்து வெளியேறியவர்களுள் பலர் ஆசிரியராகத் திரும்பி, பயிலும் மாணவரோடு ஒரே மேடையில் அமர்ந்ததே அவ்வியக்கத்தின் வலிமையாயிற்று. பழைய மாணவர் தம் பள்ளியின் பழைய வழக்கத்தைக் காப்பவராக மட்டுமன்றி, அதிலுள்ள பழைய தீமையைக் களைபவராகவும் இருக்க முடியும் என்பதை இது காட்டுகிறது.

5. நிழல் படிந்த பக்கம்

மூத்தவர் இளையவருக்குக் கைமாற்றுவன எல்லாம் நல்லவை ஆகா. சென்னையின் பழம்பெருங்கல்லூரிகள் சிலவற்றில் பேருந்துத் தடவாரியாக மாணவர் அணிதிரள்வதும், ஒவ்வொரு தடத்துக்கும் ‘ரூட்டு தல’ என ஒருவர் தலைமை ஏற்பதும், அப்பட்டம் ஆண்டுதோறும் மூத்தவரிடமிருந்து இளையவருக்கு இறங்குவதும் ஊரறிந்தவை. பதிவேடு இல்லை, பொதுக்குழு இல்லை, கல்லூரியின் ஒப்புதலும் இல்லை. ஆயினும் கிளை உண்டு, தலைவர் உண்டு, பரம்பரைப் பகையும் உண்டு. எதிர்க் கல்லூரி மாணவரைப் பட்டாக்கத்தியால் வெட்டும் அளவுக்கு அப்பகை முற்றியதை நாளேடுகள் பலமுறை பதிந்துள்ளன. சொல்லப்போனால் சகோதரச் சங்கத்தின் உடற்கூறு இங்கும் அமைந்திருக்கிறது. அதில் இல்லாதவற்றுள் முதன்மையானவர், தம் காலத்துத் தவற்றைத் தவறென்று இளையவரிடம் சொல்லும் பொறுப்புள்ள மூத்தவர்.

பகடிவதை எனத் தமிழில் குறிக்கப்படும் ராகிங்கும் இத்தகைய தவறான மரபுரிமையே. 1996இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொலையுண்ட நிகழ்ச்சி, கடலூர் மாவட்டத்தின் நினைவிலிருந்து அகலாத ஒன்று. அதனைத் தொடர்ந்து 1997இல் தமிழ்நாடு பகடிவதைத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது; ஈராண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை தண்டமும் அதில் விதிக்கப்பட்டன. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்குமான ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. அமெரிக்காவிலும் சகோதரச் சங்கங்களின் சேர்க்கைச் சடங்குகளில் மாணவர் உயிரிழந்த நிகழ்வுகள் தொடர்ந்ததால், 2024 டிசம்பரில் வளாகப் பகடிவதையைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. இரு நாடுகளிலும் வதைத்தவர் கூறிய நியாயம் ஒன்றே: தமக்கும் அவ்வாறே செய்யப்பட்டது என்பது. அந்நியாயத்தை உடைக்கும் தகுதி காவல்துறையைவிட முன்னாள் மாணவருக்கே மிகுதி. ஏனெனில் அது தமக்கும் செய்யப்பட்டது என்றும், அதனால் தாம் அடைந்த நன்மை எதுவும் இல்லை என்றும் சொல்லத்தக்கவர் அவர் ஒருவரே.

6. சட்டம் வரைந்த எல்லை

மாணவர் தலைமைக்கும் வெளியாருக்கும் இடையே உள்ள எல்லையை இந்தியாவில் தெளிவாக வரைந்தது லிங்டோ குழு. தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த ஜே.எம். லிங்டோ தலைமையிலான அக்குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22 அன்று ஏற்று, நடைமுறைப்படுத்துமாறு ஆணையிட்டது. அவற்றின்படி மாணவர் பேரவையின் பொறுப்பாளர் பதவிக்கு ஒருவர் ஒருமுறை மட்டுமே போட்டியிடலாம். செயற்குழு உறுப்பினர் பதவிக்கு இருமுறை போட்டியிடலாம். வேட்பாளரின் செலவு 5,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. அப்பணமும் மாணவர் தாமாகத் தரும் நன்கொடையிலிருந்து மட்டுமே வர வேண்டும். கல்லூரியின் மாணவர் பட்டியலில் இல்லாத எவரும் தேர்தல் நடவடிக்கையில் எவ்வகையிலும் பங்குகொள்ளக் கூடாது.

இவ்விதிகளை முன்னாள் மாணவரின் நிலையில் நின்று படிக்கும்போது இரண்டு செய்திகள் புலப்படுகின்றன. பொறுப்பாளருக்கு ஒரே வாய்ப்பு என்ற விதி, தலைமை ஒருவரிடமே உறைந்துவிடாமல் காக்கிறது. அதே விதி, அனுபவம் பெற்ற தலைவர் மீண்டும் வர இயலாதவாறும் செய்கிறது. ஆகவே சேமித்து வைத்த அனுபவத்துக்குத் தேவை முன்னிலும் கூடுகிறது. வெளியார் தேர்தலில் பங்குகொள்ளக் கூடாது என்ற விதியோ, அவ்வனுபவத்தைத் தருபவர் எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சொல்கிறது: தேர்ந்தெடுக்கும் வரை விலகி நிற்க வேண்டும், தேர்ந்தெடுக்கப்பட்டவர் எவராயினும் அவருக்குத் துணை நிற்க வேண்டும். தமிழ்நாட்டின் பல கல்லூரிகளில் இன்று நேரடித் தேர்தல் நடைபெறாமல் மதிப்பெண்ணையோ ஆசிரியர் பரிந்துரையையோ கொண்டு பேரவை அமைக்கப்படுகிறது எனினும், இந்நெறி நியமனத்துக்கும் பொருந்தும்.

பணத்தைப் பற்றிய சட்டங்களும் அறியத்தக்கவை. 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதியலாம். அதன்பின் ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, தணிக்கை செய்த வரவுசெலவைப் பதிவாளரிடம் அளிக்க வேண்டும். வெளிநாட்டில் பணிபுரிந்தாலும் இந்தியக் குடியுரிமையை விடாதவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமையோ சிங்கப்பூர்க் குடியுரிமையோ பெற்றுவிட்டவர் தருவது, அவர் இம்மண்ணில் பிறந்தவரே ஆயினும், 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு உட்பட்டதாகும். இவ்வேறுபாட்டை அறியாமல் நல்லெண்ணத்தோடு பணம் பெற்றுப் பின் சங்கடப்பட நேரும் என்பதால் இது இங்குக் கூறப்பட்டது. கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் தேசியக் குழுவான நாக், மாணவர்க்கான துணையும் முன்னேற்றமும் என்ற தன் ஐந்தாம் அளவுகோலில் முன்னாள் மாணவர் ஈடுபாட்டையும் சேர்த்தது. இதனால் சங்கங்கள் பல பதிவு பெற்றன என்பது நன்மை. மதிப்பீட்டுக் குழு வரும் ஆண்டில் மட்டும் உயிர்பெற்று, குழு போனதும் உறங்கிவிடும் சங்கங்களும் தோன்றின என்பது அதன் மறுபக்கம்.

7. நெய்வேலியும் கம்மாபுரமும்

பழம்பெருங்கல்லூரிகளுக்குக் கூறியவை நெய்வேலியும் கம்மாபுரமும் அடங்கிய பழுப்பு நிலக்கரி பூமிக்கு எவ்வாறு பொருந்தும் என்பதே இங்கு முதன்மையான கேள்வி. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு பெற்றது. 1961இல் முதல் சுரங்கத்தில் நிலக்கரி வெளிப்பட்டது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களைக் கொண்டு, ‘வட்டம்’ என எண்ணிட்டு வகுத்த குடியிருப்புகளோடு ஒரு நகரியம் எழுந்தது. அந்நகரியத்தின் வீடுகள் நிறுவனத்துக்கு உரியவை. பணி ஓய்வு பெறும் குடும்பம் வீட்டை ஒப்படைத்துவிட்டுச் செல்ல வேண்டும். ஆகவே நெய்வேலியில் பிறந்து வளர்ந்து படித்த ஒருவருக்கு, முப்பது வயதில் திரும்பிவர அங்கே வீடு இருப்பதில்லை. மறுபுறம், சுரங்கத்துக்காக நிலமும் மனையும் கொடுத்துவிட்டு இடம்பெயர்ந்த சிற்றூர்களின் பிள்ளைகளுக்குத் திரும்பிவரப் பழைய ஊரே இருப்பதில்லை. ஊழியர் பிள்ளைக்கு வீடு போயிற்று, உழவர் பிள்ளைக்கு ஊர் போயிற்று. இவ்விருவருக்கும் இடம் மாறாமல் எஞ்சி நிற்பது படித்த பள்ளியும் கல்லூரியுமே. பிற ஊர்களில் முன்னாள் மாணவர் சங்கம் ஊர்ப்பற்றுக்கு மேற்பட்டதோர் அணி. இப்பகுதியிலோ அதுவே ஊரின் இடத்தை நிரப்ப வேண்டியதாகிறது.

இன்னொரு சிக்கலும் இம்மாவட்டத்துக்கு உண்டு. கடலூர் மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகளின் பல்கலைக்கழக இணைப்பு, சென்னைப் பல்கலைக்கழகம், வேலூரைத் தலைமையிடமாகக் கொண்ட திருவள்ளுவர் பல்கலைக்கழகம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என ஒரு தலைமுறைக்குள் கைமாறி வந்திருக்கிறது. ஒரே வகுப்பறையில் வெவ்வேறு காலத்தில் படித்த மூவரின் பட்டச் சான்றிதழில் மூன்று பல்கலைக்கழகங்களின் முத்திரை இருக்கக்கூடும். பட்டத்தால் இணைக்க முடியாத இவர்களை இணைக்கத்தக்கவை அக்கல்லூரியின் மன்றங்களும் குழுக்களும் மட்டுமே.

விருத்தாசலம் வட்டத்தைச் சேர்ந்த கம்மாபுரம் பகுதியிலிருந்து விருத்தாசலம் திருக்கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரிக்கும் நெய்வேலி ஜவகர் அறிவியல் கல்லூரிக்கும் பேருந்தில் செல்லும் மாணவருள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள் பலர். அரசு அவர்களுக்குச் செய்வன சிலவல்ல. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024இல் ஆண் மாணவருக்கென வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்வோருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருகின்றன. நான் முதல்வன் திட்டம் திறன் பயிற்சி தருகிறது. இலாபம் ஈட்டும் பெருநிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி நிகர இலாபத்தில் இரு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம் விதிக்கிறது. ஆகவே இப்பகுதியின் முன்னாள் மாணவர், அரசாலும் நிறுவனத்தாலும் இயலக்கூடிய கட்டடத்தையும் கணினியையும் தருவதில் தம் சிறு பொருளைக் கரைக்க வேண்டியதில்லை. அரசும் நிறுவனமும் தர இயலாதது ஒன்று உண்டு: இதே பேருந்தில் வந்து, இதே மன்றத்தில் நடுங்கிக்கொண்டே முதல் உரையை ஆற்றி, இதே கல்லூரிக்கு வந்த வளாகத் தேர்வில் தோற்று, பிறகு வேறு வழியில் வென்ற ஒருவர் எதிரே அமர்ந்து பேசுவது.

8. செய்யத்தக்கனவும் தகாதனவும்

மேற்கண்ட வரலாறுகளிலிருந்து சில நடைமுறைகளை வகுத்துக்கொள்ளலாம். முதலாவது, பொறுப்பு ஒப்படைப்பு. விலகும் தலைவர் தம் ஆண்டின் தீர்மானப் புத்தகம், வரவுசெலவு, பாக்கி, விழாவுக்கு அனுமதி பெற்ற முறை, செய்த பிழை ஆகியவற்றைப் பத்துப் பக்கத்துக்குள் எழுதி, புதிய தலைவரிடம் ஒரு படியும் முன்னாள் மாணவர் சங்கத்திடம் ஒரு படியும் தர வேண்டும். ஐந்தாண்டுகளில் ஐம்பது பக்கங்கள் வரை சேரும்; கல்லூரிச் சங்கத்துக்கு அதைவிடச் சிறந்த பாடநூல் இருக்க முடியாது. இதற்கு ஆகும் செலவு தாளும் தைக்கும் நூலும் மட்டுமே.

இரண்டாவது, மூலநிதி. விழாவுக்கு விழா வசூலித்துச் செலவழிப்பதைத் தவிர்த்து, சிறு தொகையானாலும் வைப்பில் இட்டு, வட்டியை மட்டும் மாணவர் அமைப்பின் பணிக்குத் தர வேண்டும். வட்டி இவ்வளவு வரும் என்று ஆண்டின் தொடக்கத்திலேயே தலைவருக்குத் தெரிந்தால், அவர் வரவுசெலவுத் திட்டம் வகுக்கக் கற்கிறார். தெரியாவிட்டால் கடைகளிலும் அரசியலாரிடமும் ரசீதுப் புத்தகத்தோடு நிற்கக் கற்கிறார். மூன்றாவது, ஆலோசகர். ஒவ்வோர் அமைப்புக்கும் முன்னாள் உறுப்பினர் இருவர் ஆலோசகராக இருக்கலாம். அவர்களுள் ஒருவரேனும் பெண்ணாக இருப்பது நலம். அவர்களுக்கும் காலவரம்பு வேண்டும். மாணவத் தலைவருக்கு ஓராண்டு என்றால் ஆலோசகருக்கு மூன்றாண்டு போதும். இல்லையேல் தலைவர் மாறிக்கொண்டே இருக்க ஆலோசகரே நிலையான தலைவராகிவிடுவார்.

தகாதன எவை என்பது அதனினும் முக்கியமானது. பேரவைக்கு யார் வர வேண்டும் என்பதில் முன்னாள் மாணவர் தலையிடக் கூடாது. தம் சாதிச் சங்கத்துக்கும் கட்சிக்கும் ஆள்சேர்க்கும் களமாக மன்றத்தைக் கருதக் கூடாது. பணம் தந்ததன் கைம்மாறாக மேடையும் மாலையும் கேட்கக் கூடாது. பயில்வோர் நடத்தும் விழாவில் முன்வரிசை நாற்காலிகள் பயில்வோரின் பெற்றோருக்கு உரியவை. சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளராக இரவுப் பணி முடித்துவிட்டு மகளின் பரிசளிப்பைக் காண வரும் தந்தை கடைசி வரிசையில் நிற்க, நன்கொடையாளர் முதல் வரிசையில் அமரும் விழா, தன் நோக்கத்தைத் தொலைத்த விழாவாகும். மாணவர் தவறு செய்யும் உரிமையும் காக்கப்பட வேண்டும். கணக்கில் தவறும் ஒழுக்கத்தில் தவறும் நேராமல் பார்ப்பது மூத்தவர் கடமை. நாடகம் சரியாக அமையாததும் சிறப்பு விருந்தினர் வராமற் போவதும் இளையவர் தாமே பட்டுத் தேற வேண்டியவை.

9. நிறைவாக

குளத்தைத் தூர்வாரும் பொறுப்பை அதன் நீரைப் பயன்கொண்ட குடிகளே ஏற்ற குடிமராமத்து முறை இந்நாட்டுக்குப் புதிதன்று. வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்தார். மண்ணை எடுத்துக் கரையில் போட்டார். மதகைத் திறப்பதும் மூடுவதும் அதற்கென அமர்த்தப்பட்டவரின் வேலை என்று விட்டுவிட்டு வீடு திரும்பினார். முன்னாள் மாணவர் துணையும் அத்தகையதாக இருத்தல் வேண்டும். கல்லூரி அமைப்பில் ஆண்டுக்காண்டு படியும் மறதி என்னும் வண்டலை வாருவது அவர் பணி. மதகு பயிலும் மாணவரின் கையில் இருக்கட்டும்.

இதனைத் தொடங்கப் பெருஞ்செல்வரும் பெருங்கூட்டமும் தேவை என்று தயங்க வேண்டியதில்லை. திருவல்லிக்கேணியில் முன்நின்றவர் ஒரு மருத்துவர். கார்னெலில் தொடங்கியவர் எழுவர். கம்மாபுரத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பட்டம் பெற்று, சென்னையிலும் ஓசூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்த்துப் பொங்கலுக்கு ஊர் திரும்புவோர் ஏழு பேருக்கு மேல் இருக்கிறார்கள். அவர்கள் அடுத்த பொங்கல் விடுமுறையில் ஒரு பிற்பகலை ஒதுக்கித் தம் கல்லூரியின் இவ்வாண்டுப் பேரவைத் தலைவரை அழைத்து, அவருக்கு என்ன தேவை என்று முதலில் கேட்க வேண்டும் என்பதே இச்சொற்பொழிவின் வேண்டுகோள். சங்கத்தைப் பதியச் சட்டம் கேட்பதும் ஏழு பேரைத்தான்.